திங்கட்கிழமை சரிபார்க்கவும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. ஒரு கணினித் திரையிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் அலுவலகக் கணினியில் ஒரு வரி தோன்றியது:

"ஐயா, இந்த உத்திரம் காற்றால் ஆனதா? – எ. லூ."

அரை நிமிடம் கழித்துப் பக்கத்துக் கணினியில், வேறொரு நிறுவனம் விற்கும் வேறொரு மென்பொருளில், அதே வரி. அதே கேள்விக்குறி. அதே எ. லூ.

[பச்சை: பதினொன்று இருபத்தாறு.]

அன்றிலிருந்து இதை எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "க்ரூம்லிங்கன் ஊரின் கூரைகள்மேல் பனி மெல்ல மெல்ல—" வேண்டாம். அந்த வருடம் பனியே பெய்யவில்லை. இரண்டாவது: "டாக்டர் கெசீனே பூர்மெஸ்டர் யாரையும் நம்பாதவர், நம்பாமல் இருப்பதற்காகவே அரசாங்கம் அவருக்கு ஒரு முத்திரையும்—" இது உண்மைதான். ஆனாலும் நாயகியை முதல் வரியிலேயே கூண்டில் ஏற்றியது போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.

கெசீனே என் முதலாளி. வயது ஐம்பத்தெட்டு. சரிபார்ப்புப் பொறியாளர். ஒருவர் ஒரு கட்டடத்துக்குக் கணக்குப் போடுவார். அவருக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவர், வேறு மென்பொருளில், அதே கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் முத்திரை விழும். அந்த இன்னொருவர்தான் கெசீனே. நான் அவரிடம் பதினாறு வருடமாக வரைபடம் போடுகிறவன். ஊரார் போலவே நானும் அவரை டாக்டரம்மா என்பேன்.

இதைக் கதையாக எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த மொழியில?"

"தமிழ்ல."

"எனக்குப் புரியாதே. அப்போ யாரு சரிபார்ப்பா?"

"கதையை எல்லாம் யாரும் சரிபார்க்க மாட்டாங்க டாக்டரம்மா."

"அதான் கதையெல்லாம் நடுவுல உக்காந்துடுது."

கடைசியில் ஒப்பந்தம் இதுதான்: மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுதியதை அவர் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும். அவர் திருத்துவார். எங்கள் தொழிலில் சரிபார்ப்பவர் பச்சை மையில்தான் எழுதுவது வழக்கம். திருத்தங்களை அப்படியே அடைப்புக்குள் விட்டிருக்கிறேன். எனக்கு வேறு வழியில்லை, சம்பளம் அவர் கொடுப்பது.

2

க்ரூம்லிங்கனுக்கு ஒரு நீச்சல் கூடம் வேண்டியிருந்தது. மேயர் ஹோல்கர் ரீமுக்குக் கூடம் மட்டும் போதவில்லை. தண்ணீரில் இருக்கிற அலை கூரையிலும் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆகவே வளைந்த மர உத்திரங்கள், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, பாய் முடைந்த மாதிரி. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த உத்திரங்கள். வரைபடத்தில் ஒவ்வோர் உத்திரத்துக்கும் பத்தொன்பது பலகை, பலகைக்கு நாலு சென்டிமீட்டர் கனம்.

முதலில் சரிபார்க்க எடுத்துக்கொண்ட பொறியாளர் பாதியில் ஓய்வுபெற்று ஏதோ தீவுக்கு வெயில் காயப் போய்விட்டார். மேயர் காத்திருக்கவில்லை. கோப்பு எங்களிடம் வந்து சேர்ந்தபோது கூரை ஏறியாகிவிட்டது, தொட்டியில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. முத்திரை குத்திய தாள்தான் பாக்கி.

"ஒரே ஒரு கையெழுத்து டாக்டரம்மா, அவ்வளவுதான்," என்றார் மேயர் தொலைபேசியில்.

"வெறும் கையெழுத்து போதும்னா சொல்லுங்க, பிறந்தநாள் வாழ்த்து அட்டைல போட்டு அனுப்பறேன்."

வடிவமைத்தவர் 'மேற்கு' என்ற மென்பொருளில் கணக்குப் போட்டிருந்தார். கெசீனே இருபத்தாறு வருடமாக நம்பியிருப்பது 'கிழக்கு'. (இவை உண்மைப் பெயர்கள் அல்ல. முதல் வரைவில் 'அண்ணன்', 'தம்பி' என்று வைத்திருந்தேன். அது கதையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மாற்றினேன். இப்போது அதைச் சொல்லி நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.)

கூரையில் கனத்த பனி கிடந்தால் நடு உத்திரம் எவ்வளவு கீழே தொய்யும்? மேற்கு சொன்னது 31.0427 மில்லிமீட்டர். கிழக்கு சொன்னதும் 31.0427.

எனக்குச் சந்தோஷம். பகலிலேயே வீட்டுக்குப் போய்விடலாம். கெசீனே கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களையும் என்னையும் தனித்தனியா விட்டு இந்த ஜன்னலோட அகலத்தை அளக்கச் சொன்னா ஒரே எண்ணைச் சொல்வோமா?"

"கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும்."

"கிட்டத்தட்ட! அதான் ஆரோக்கியம். புள்ளிக்கு அப்புறம் நாலாவது இடம் வரைக்கும் ஒத்துப்போச்சுன்னா அது கணக்கு இல்ல, காப்பி."

நான் அவருடைய கோப்பையைப் பார்த்தேன். அந்தக் காப்பி இல்லை, பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிற காப்பி.

[பச்சை: நான் இப்படிச் சிலேடை பேசவில்லை. எங்கள் மொழியில் இரண்டும் ஒரே சொல் அல்ல. நீக்கவும்.]

நீக்கவில்லை.

அதன்பிறகு அவர் செய்தது ஒரு காரியம். உத்திரத்தின் வலுவைப் பூஜ்யம் என்று இரண்டு மென்பொருளிலும் கொடுத்தார். ஒழுங்கான மென்பொருள் என்றால் தன் பாணியில் முரண்டு பிடிக்க வேண்டும், இரண்டும் இரண்டு விதமாக. இரண்டும் ஒரே குரலில் கேட்டன: ஐயா, இந்த உத்திரம் காற்றால் ஆனதா?

3

மென்பொருள் விற்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் வைத்திருப்பார்கள்: சம்பந்தமில்லாத நிபுணர் ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்று. இருபத்தாறு வருடத்தில் எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் பிரித்துப் படித்ததில்லை. இப்போது படித்தோம். மேற்கைச் சோதித்தவர் டாக்டர் எக்கார்ட் லூடிக்கே. கிழக்கைச் சோதித்தவர் டாக்டர் எக்கார்ட் லூடிக்கே.

வெர்ரா ஆற்றோரம் அவர் வீடு. வயது எழுபத்தொன்பது. முயல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போகிறவர். நாங்கள் போனபோது ஒரு சாம்பல் நிற முயலை மேசைமேல் உட்காரவைத்து அதன் காதை அளவுகோலால் அளந்துகொண்டிருந்தார்.

"காலைத் துடைச்சிட்டு வாங்க. இவனுக்கு மண்ணு ஆகாது. என்ன விஷயம்?"

"மேற்கை எழுதினது யாரு?" கெசீனே உட்காரவில்லை.

"நான்தான். எண்பத்து மூணுல. அப்புறம் அந்தக் கம்பெனிக்காரனோட சண்டை, வெளியே வந்துட்டேன். வயிறுன்னு ஒண்ணு இருக்கே, இன்னொருத்தனுக்குக் கிழக்கை எழுதிக் கொடுத்தேன்."

"புதுசாவா?"

"புதுசாத்தான். மனசுல இருந்ததை எல்லாம் மறுபடி எழுதினேன்."

"ரெண்டையும் சோதிச்சதும் நீங்கதான்."

"வேற யாரு இருந்தா அப்போ?"

"மேற்கை எதோட ஒப்பிட்டீங்க?"

"கிழக்கோட."

"கிழக்கை?"

"மேற்கோட. வேற எதோட ஒப்பிடறது? நாட்டுல இருந்ததே ரெண்டு." முயலின் இன்னொரு காதைப் பிடித்தார். "பதினொன்றரை. நல்ல பையன்."

கெசீனே பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். எல்லா மென்பொருளும் போட்டுக்காட்ட வேண்டிய மாதிரிக் கணக்குகள், விடையோடு. தரக்குழு வெளியிட்டது.

"இதுல வளைஞ்ச உத்திரக் கணக்கு ஒண்ணு இருக்கு. பதினேழாவது. இதுக்காவது விடையைக் கண்டுபிடிச்சது வேற யாராவதா?"

லூடிக்கே கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஓ, இது. அழகான கணக்கு. நான் கொடுத்ததுதான்."

அப்போது ஒரு அமைதி— (இங்கே சுவர்க் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தேன். அவர் வீட்டில் சுவர்க் கடிகாரம் இல்லை.) அப்போது முயல் மேசையிலிருந்து குதித்தது.

அவரிடம் இரண்டு மென்பொருளையும் எழுதிய பழைய மூலவரிகள் இருந்தன, பெட்டி பெட்டியாக, மடிப்புத் தாளில் அச்சடித்து. கெசீனே தரையில் உட்கார்ந்து படித்தார். லூடிக்கே முயலைத் தேடினார். நான் பிளம்ஸ் கேக் தின்றேன். நாலு மணிநேரம் கழித்து கெசீனேயின் விரல் ஒரு வரியில் நின்றது. இரண்டு வளைந்த உத்திரங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில், விடையை 0.85-ஆல் பெருக்கு. பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம். திங்கட்கிழமை சரிபார்க்கவும்.

"இந்த எண் எங்கேர்ந்து வந்துச்சு?"

லூடிக்கே அலமாரிக்கு அடியிலிருந்து பேசினார். "கணக்கு ஒரு முடிவுக்கு வராம சுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த எண்ணைப் போட்டேன், நின்னுச்சு."

"ஏன் நின்னுச்சு?"

"அதைத்தான் திங்கட்கிழமை பார்க்கலாம்னு இருந்தேன்."

"எந்தத் திங்கட்கிழமை?"

யோசித்தார். நேர்மையான மனிதர், உண்மையாகவே யோசித்தார். "எண்பத்தாறு. மார்ச் மாசமா இருக்கலாம். கண்காட்சி இருந்துச்சு அன்னைக்கு."

4

இந்தப் பகுதியில் கெசீனே காரில் திரும்பும்போது அழுததாக எழுதியிருந்தேன்.

[பச்சை: அழவில்லை. பட்டியல் போட்டேன்.]

ஆமாம், பட்டியல்தான் போட்டார். நான் வண்டி ஓட்ட, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு. இருபத்தாறு வருடத்தில் அவர் முத்திரை குத்திய கூரைகள் அறுபத்தொன்று. "சம்பந்தமில்லாத ஒருவரால் சரிபார்க்கப்பட்டது" என்று அறுபத்தொரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அத்தனையிலும் லூடிக்கே சொன்னதற்கு லூடிக்கே தலையாட்டியிருக்கிறார். நடுவில் கெசீனே உட்கார்ந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஆஹா என்றிருக்கிறார்.

"அறுபத்தொண்ணுல ஒன்பதுல வளைஞ்ச உத்திரம் வெட்டிக்குது," என்றார். வெகுநேரம் கழித்து, "என் பாட்டு மண்டபமும் அதுல ஒண்ணு."

வியாழக்கிழமை தோறும் அவர் பாடகர் குழுவில் பாடப்போகிற மண்டபம். அந்த வியாழக்கிழமையும் போனார். ஆனால் பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் நிற்காமல், தூணை ஒட்டி ஆண்களோடு போய் நின்றாராம். குழுத் தலைவர் கேட்டதற்கு, "இங்கேர்ந்து உங்க கை நல்லாத் தெரியுது," என்றாராம். நாற்பது பேரையும் தூணை ஒட்டி நிற்கச் சொல்ல அவரிடம் இன்னும் ஆதாரம் இல்லை. சந்தேகம் மட்டும்தான் இருந்தது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேரை நகர்த்தலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

[பச்சை: இது உனக்கு யார் சொன்னது?]

அவர் என்னை ஒருமையில் விளித்தது பதினாறு வருடத்தில் இந்த ஒரு தடவைதான்.

5

இனி எந்த மென்பொருளையும் தொடப்போவதில்லை என்று கெசீனே பென்சிலை எடுத்தார். க்ரூம்லிங்கன் கூரைக்குக் கையாலேயே கணக்குப் போட்டார். நாற்பத்து மூன்று பக்கம். தொய்வு முப்பத்தாறரை மில்லிமீட்டர். முப்பத்தொன்று அல்ல. முப்பத்தாறரை என்றால் அந்தக் கூரை பனி தாங்காது.

மேயர் ரீம் நேரில் வந்துவிட்டார். சிவந்த முகம், கழுத்துப்பட்டையில் குட்டிக் குட்டி மீன்கள்.

"ரெண்டு கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, ஒரு பென்சில் ஒண்ணு சொல்லுது. நான் எதைக் கேக்கறது?"

"எதையும் கேக்காதீங்க. கூரையையே கேட்டுப் பாத்துடலாம்."

கூரைமேல் பனியளவு பாரத்தை ஏற்றி, அடியில் அளந்து பார்ப்பது. பனிக்குப் பதில் என்ன வைப்பது? மணல் மூட்டை கொண்டுவர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். யோசனையை மேயரே கொடுத்தார். ஊரில் எல்லோர் வீட்டிலும் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி இருக்கிறது. அதில் தண்ணீர் நிரப்பினால் தொட்டிக்குக் கால் டன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை க்ரூம்லிங்கன் மக்கள் நூற்று நாற்பது குப்பைத்தொட்டிகளைக் கழுவித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாம்பல், நீலம், மஞ்சள், பழுப்பு. பழுப்புத் தொட்டிகள் நாறின. தீயணைப்புப் படையினர் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே அடுக்கினார்கள். நீலத் தொட்டியில் காகிதம்தான் போடலாம், தண்ணீர் ஊற்றக்கூடாது என்று ஒருவர் விதியைக் காட்டிச் சண்டை போட்டார். அவருடைய தொட்டியை மட்டும் இறக்கிக் கொடுத்தார்கள். நீச்சல் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் மேலே போனது. தொட்டியில் நீர்மட்டம் இறங்க இறங்க, கூரையும் இறங்கியது.

பத்து மில்லிமீட்டர். இருபது. இருபத்தெட்டு. எல்லோரும் வெளியே. நானும் கெசீனேயும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அளவுக் கருவியைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசித் தொட்டி நிரம்பியது.

முப்பத்தொன்று.

அதற்குமேல் நகரவில்லை. ஒரு மணிநேரம் காத்திருந்தோம். முப்பத்தொன்றுதான்.

மேயர் தீயணைப்புப் படைத் தலைவரைக் கட்டிப்பிடித்தார். "கூரைக்கே தெரிஞ்சிருக்கு, டாக்டரம்மாவுக்குத் தெரியலையே!" என்று கத்தினார். யாரோ பியர் பெட்டியைத் திறந்தார்கள். லூடிக்கேகூட வந்திருந்தார், கையில் முயல் கூண்டோடு. அவர் முகத்தில்தான் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. தன் எண் சரி என்று நிரூபணமானதும் அவர் திகைத்துப்போயிருந்தார்.

"அப்படி இருக்க முடியாதே," என்றார் மெதுவாக. "அது சும்மா போட்ட எண்ணு."

கெசீனே நாற்பத்து மூன்று பக்கத்தையும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி புரட்டினார். உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்து கொடுத்தார்கள், தொடவில்லை. இந்த இடத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் ஒரு பக்கம் எழுதினேன். அவர் பச்சையில் ஒரே ஒரு சொல் எழுதினார்.

[பச்சை: பயம்.]

அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் மிச்சம்.

தொட்டிகளை இறக்கி முடிக்கப் பிற்பகல் ஆயிற்று. கெசீனே எழுந்து சாரத்தில் ஏறினார், என்னையும் கூப்பிட்டார். உத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுக்கோடுகள் தெரியும்.

"எண்ணுங்க."

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அடுத்த உத்திரத்தையும் எண்ணினேன்.

"இருபது."

அளவுநாடாவைப் பிடித்தார். எழுபத்தாறு சென்டிமீட்டர் இருக்கவேண்டிய உத்திரம் எண்பது இருந்தது. நாலு சென்டிமீட்டர் உயரம் கூடினால் உத்திரம் ஆறில் ஒரு பங்கு விறைப்பாகிவிடும். சாரத்தின் பலகையிலேயே பென்சிலால் வகுத்தார். முப்பத்தாறரை, முப்பத்தொன்றாகச் சுருங்கியது. மென்பொருளின் தவறும் உத்திரத்தின் தவறும் ஒன்றையொன்று தேடிப்பிடித்துக் கைகுலுக்கியிருந்தன.

6

உத்திரம் செய்தவர் வால்ட்ராவ்ட் கென்ஸ்லர். மலைப்பக்கம் மரப்பட்டறை வைத்திருப்பவர். முதல் வரைவில் நான் அவரைக் கணினியை நம்பாத, மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் பலத்தைச் சொல்லிவிடுகிற ஞானியாக எழுதியிருந்தேன். மரத்தூள் படிந்த கை, தொலைதூரப் பார்வை எல்லாம் வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. பொய் என்பதால் கிழித்துப் போட்டேன். நடந்தது இது:

"வரைபடத்துல பத்தொன்பது பலகைன்னு போட்டிருக்கு," என்றார் கெசீனே.

"பத்தொன்பதும் இருக்கே."

"இருபது இருக்கு!"

"இருபதுக்குள்ள பத்தொன்பது இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"கூட ஒண்ணு ஏன் வச்சீங்க? உங்களுக்கு ஏதாவது சந்தேகமா?"

கென்ஸ்லர் எங்களைப் பட்டறையின் பின்பக்கம் கூட்டிப்போனார். "பலகை கட்டுக்கட்டா வருது. கட்டுக்கு இருபது. பத்தொன்பதை ஒட்டினா ஒண்ணு மிஞ்சும். முப்பத்தாறு உத்திரத்துக்கு முப்பத்தாறு மிச்சப் பலகை. எங்கே அடுக்கறது? ஏற்கெனவே என் வீட்டுக்காரர் படகு ஒண்ணை இங்கே நிறுத்தி வச்சிருக்கார், பதினோரு வருஷமா. ஆறு கூடப் பக்கத்துல இல்ல. அதனால ஒட்டிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"கூடுதலாப் போட்டதுக்கு எவனாவது வந்து கேள்வி கேப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆகக் கூரை பத்திரம். இடப்பற்றாக்குறையால் பத்திரம்.

7

க்ரூம்லிங்கனைக் காப்பாற்ற ஒரு படகு இருந்தது. மற்ற ஊர்களுக்கு இல்லை.

கெசீனே மாநிலக் கட்டடத் துறைக்கு எழுதினார்: எண்பத்தாறிலிருந்து இந்த இரண்டு மென்பொருளால் கணக்கிட்டு, இதே இரண்டால் சரிபார்த்த, வளைந்த உத்திரங்கள் வெட்டிக்கொள்ளும் கூரைகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. இருநூற்றுப் பதினான்கு. அதில் ஒன்பது என் கையெழுத்து.

பதில் வந்தது. தங்கள் ஐயத்தைச் சம்பந்தமில்லாத நிபுணர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். இத்துறையில் தகுதியுள்ளவராக எங்கள் பட்டியலில் இருப்பவர்: டாக்டர் எக்கார்ட் லூடிக்கே.

[பச்சை: இதைக் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு நீ சொல்: கடிதம் என்னிடம் இருக்கிறது.]

(ஒருமையில் விளித்தது இரண்டாவது தடவை. மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.)

லூடிக்கே இருபது பக்கம் எழுதித் தப்பித்திருக்கலாம். அவர் ஒரே பத்தி எழுதி அனுப்பினார்: "டாக்டர் பூர்மெஸ்டர் சொல்வது சரி. எண் என்னுடையது. காரணம் எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாக யாரும் கேட்கவில்லை." தன் தவறைப் பற்றித் தானே சாட்சி சொல்கிறவரைச் சம்பந்தமில்லாதவர் என்று கொள்ளலாமா என்று துறைக்குள்ளேயே ஒரு மாதம் வாதம் நடந்ததாம். நடந்தாலும் குளிர் தொடங்குமுன் ஆணை வந்தது. இருநூற்றுப் பதினான்கு கூரைகளிலும் பனி விழுந்த உடனே வாரித்தள்ளத் தீயணைப்புப் படையினர் மண்வெட்டியோடு தயார் நிலையில் நிற்க வேண்டும். நின்றார்கள். டிசம்பர் நின்றார்கள், ஜனவரி நின்றார்கள். ஒரு துளி பனி விழவில்லை.

அதற்குள் கூரைகளை ஒவ்வொன்றாகப் பாரம் ஏற்றி அளந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. ஏழு பிழைக்கவில்லை. அந்த ஏழில் பாட்டு மண்டபமும் ஒன்று. இப்போது அங்கே கீழ்க்குரல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவே ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. குழுத் தலைவர் அதைச் சுற்றிச் சுற்றிக் கையசைக்கிறார். கெசீனே தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்.

க்ரூம்லிங்கனுக்கு மட்டும் முடிவு வரவில்லை. கூரை தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதி கேட்பது கூரையை அல்ல, கணக்கை. இருபது பலகைக்குப் புதுக் கணக்கு வேண்டும். அதைப் போடத் தெரிந்தவர் கெசீனே. கணக்குப் போட்டவரே அதைச் சரிபார்க்க முடியாது. எனவே இன்னொருவர் வேண்டும், மென்பொருள் தொடாமல், கையாலேயே போடத் தெரிந்தவர். மேயர் மாநிலம் முழுக்கத் தேடினார். ஒரே ஒருவர்தான் கிடைத்தார்.

"முயலைக் கொண்டுவரலாமா?" என்று கேட்டார் லூடிக்கே.

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை என்று ஊருக்கே தெரியவேண்டும் என்பதால், கணக்கை நீச்சல் கூடத்திலேயே போடவைத்தார் மேயர். உடை மாற்றும் அறைகளில். கெசீனே ஏழாம் எண் அறை, லூடிக்கே பன்னிரண்டாம் எண் அறை. மூன்று நாள், காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. நடுவில் காவலுக்கு முதலில் என்னை நிறுத்தினார்கள். நான் கெசீனேயின் சம்பளக்காரன் என்று லூடிக்கே ஆட்சேபித்தார், நியாயம்தான். கென்ஸ்லர் உத்திரம் விற்றவர், கூடாது. கடைசியில் நீச்சல் காவலரை நிறுத்தினார்கள். அவருக்கு வாய்ப்பாடே ஒழுங்காகத் தெரியாது, அதைவிட நல்ல தகுதி வேறில்லை. யாராவது கதவைத் திறந்தால் விசில் ஊதினார்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு இருவரும் தாளோடு வெளியே வந்தார்கள். கெசீனேயின் விடை 31.4. லூடிக்கேயின் விடை 29.9.

மேயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஒத்துப்போகலையே!"

கெசீனே சிரித்தார். பதினாறு வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. லூடிக்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை. "ஒத்துப்போகல," என்றார். "ஒத்துப்போகவே இல்ல, பாருங்க!"

"உங்களோடது ஆறாம் பக்கத்துல வேற வழியா வந்திருக்கும்," என்றார் லூடிக்கே. அவருக்கும் கண் மின்னியது. "நான் இணைப்பை விறைப்பா எடுத்துக்கிட்டேன்."

"தெரியும். அது தப்பு."

"தப்பா? அப்போ உங்க மரம் ரொம்ப ஈரம்."

இரண்டு பேர் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாகச் சற்றே தவறி, பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். கதை இங்கே முடிந்திருக்கலாம். நான் முடித்துத்தான் இருந்தேன்.

8

விதி ஐந்து சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர். கெசீனேயின் 31.4-ஆல் வகுத்தால் 4.78 சதவீதம், முத்திரை குத்தலாம். லூடிக்கேயின் 29.9-ஆல் வகுத்தால் 5.02, குத்தக்கூடாது. யாருடைய எண்ணால் வகுப்பது என்று விதியில் இல்லை. தேடிவிட்டோம். அடிக்குறிப்பு வரை தேடிவிட்டோம்.

"உங்களோடதால வகுங்க," என்றார் லூடிக்கே பெருந்தன்மையாக.

"என் எண்தான் சரின்னு நானே எப்படிச் சொல்லிக்கறது?" என்றார் கெசீனே. "உங்களோடதால வகுக்கறதுதான் முறை."

"என் எண்ணையா? என் எண்ணை நம்பி நடந்ததெல்லாம் போதாதா?"

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் இருவரும் சராசரியால் வகுக்கிறார்கள். 4.89, முத்திரை, கைதட்டல். ஆனால் சராசரி எடுப்பது என்பது இருவரும் கலந்து பேசியது ஆகிவிடும், தனித்தனி என்பது போய்விடும். இரண்டாவதில் மேயர் கெசீனேயின் பையிலிருந்து முத்திரையை எடுத்துத் தானே— வேண்டாம், அவர் அப்படிப்பட்டவர் அல்ல. மூன்றாவதில் நான் பாய்ந்து 29.9-ஐ 30 ஆக்குகிறேன். கணக்கு அழகாக வருகிறது. அதை எழுதிய பிறகு எனக்கு எண்பத்தாறாம் வருடத்து லூடிக்கேயை நன்றாகவே புரிந்தது. கிழித்துவிட்டேன்.

நான் முடிவு சொல்ல முடியாது, சம்பளக்காரன். கெசீனே முடியாது, லூடிக்கே முடியாது, மேயர் முடியவே முடியாது. காவலரும் இப்போது கட்சி சேர்ந்துவிட்டார், லூடிக்கேயின் முயலை அவர்தான் மடியில் வைத்திருக்கிறார். இந்த ஊரில் சம்பந்தமில்லாதவர் என்று இனி ஒருவரும் இல்லை.

நீங்கள் இருக்கிறீர்கள். க்ரூம்லிங்கனுக்கு வந்ததில்லை. எங்களில் யாருக்கும் உறவில்லை. உங்களுக்கு இந்தக் கூரையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கணக்கு முழுவதும் உங்கள் முன்னால் இருக்கிறது: 31.4, 29.9, ஐந்து.

தண்ணீர் இருபத்தெட்டு டிகிரியில் இருக்கிறது. நீர்ப்பயிற்சிக் குழுவின் பன்னிரண்டு பெண்கள் குளியல் அங்கியும் ரப்பர் தொப்பியுமாகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் கதவைத் தட்டுகிறார்.

எந்த எண்ணால் வகுக்கிறீர்கள்?